தடைக்காலத்தில் கரையில் படம் போடுகிறோம்: கடல்காரர்கள் ஏற்றுக்கொள்ளும் படமும் பாட்டும் சொல்லுங்கள்

தெற்குவாடி_பாம்பன்

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மட்டும் போய்வரும், ஆம்பளைகள் பாதிப் பேர் வலைக்குள் உட்கார்ந்து கிழிசல் பின்னிக்கொண்டிருப்பார்கள். இந்த வருடம் நாங்கள் ஏழெட்டுப் பேர் பணம் போட்டு, சனிக்கிழமை ராத்திரிகளில் திரை கட்டிப் படம் போடலாம் என்று இறங்கியிருக்கிறோம். கடல் வருகிற படங்களாக, பாட்டும் பின்னணி இசையும் நன்றாக இருக்கிற படங்களாகப் போட வேண்டும் என்று ஆசை.

எனக்குக் கடல் படங்களின் இசை மேல் அப்படி ஒரு பித்து. பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது காதில் ஹெட்போன் இல்லாமல் நான் போனதே கிடையாது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. 2002-இல் வந்த படம், தேசிய விருது ஆறு வாங்கியது, அதில் இசைக்கு, பாடல் வரிக்கு, ஒலிப்பதிவுக்கு என்று மூன்று. படகில் அகதியாக வரும் பெண் நம்ம ராமேஸ்வரத்தில் பிள்ளை பெறுவதில்தான் அந்தக் கதையே பிறக்கிறது. அதனால் எனக்கு அது வெளியூர்ப் படமாகத் தோன்றியதே இல்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால் என் அப்பா. முப்பத்து நாலு வருடம் விசைப்படகில் டிரைவர். கடல் வருகிற எந்தப் படத்தைக் காட்டினாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்வார். "இந்த வெயில்ல எவன்டா வலை பாய்ச்சுவான்?" என்பார். "அவன் கையைப் பாரு, கயிறு பிடிச்ச கையா அது?" என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார், ஆள்காட்டி விரலுக்குக் கீழே தோல் காய்த்து மஞ்சளாக ஒரு வரி ஓடும். அலைச் சத்தம் வந்தால் இன்னும் மோசம். நம்ம வடகடலில் இப்படி அலை அடிக்குமா என்று கேட்பார். கரையில் வந்து உட்காரப்போகிற முந்நூறு பேரில் இருநூறு பேர் அப்பா மாதிரிதான். அவர்களை மூன்று மணி நேரம் உட்கார வைக்கிற படமும் பாட்டும் எது? பழசு புதுசு எதுவானாலும் சொல்லுங்கள்.

மைக்செட்_உச்சிப்புளி

தம்பி, உங்கள் அப்பா சொல்வது ரொம்பச் சரி, எனக்கும் அந்தக் குறை நெடுநாளாக உண்டு. தமிழ்ப் படத்தில் கடல் என்றாலே கன்னியாகுமரிப் பக்கத்து முட்டம்தான். 'அலைகள் ஓய்வதில்லை' 1981, 'கடலோரக் கவிதைகள்' 1986, இரண்டும் அங்கே எடுத்தவை, பாறையில் மோதித் தெறிக்கிற கடல். நம்ம வடகடல் பாக் விரிகுடா, வைகாசி ஆனியில் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கும், கரையில் ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் அதே நாளில் காது அடைக்கும். வாடைக் காற்று வந்துவிட்டால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். வடகடலுக்குப் பெண்கடல், தென்கடலுக்கு ஆண்கடல் என்று பெரியவர்கள் பேர் வைத்ததை எந்தப் படக்காரரும் இதுவரை காதில் வாங்கி ஒலியாக வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. வைத்தால் நான் முதல் நாள் முதல் ஆளாக டிக்கெட் எடுப்பேன்.

ஆனால் 'கடலோரக் கவிதைக'ளைத் தள்ளிவிடாதீர்கள். அதன் அலை நம்முடையது இல்லை, சரி. இளையராஜாவின் வயலின்கள் இருக்கிறதே, அது நம் கடல்தான். கதாநாயகன் சின்னப்பதாஸ் வாய் திறந்து சொல்லத் தெரியாமல் நிற்கிற இடங்களில் எல்லாம் இசைதான் அவனுக்காகப் பேசும், மெல்ல ஏறும், சட்டென்று அடங்கும், நீர் வத்துகிற நேரத்தில் சேற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போவது மாதிரி. நான் இருபது வருடமாகக் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் பாக்ஸ் கட்டுகிறவன். ராத்திரி ஒரு மணிக்கு எல்லாம் கழற்றி வேனில் ஏற்றியபிறகு அந்தப் படத்தின் பாட்டு ஒன்றைச் சின்னதாக வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வண்டி எடுப்பேன்.

தொழில் விஷயம் இரண்டு சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தென்கடல் பக்கம் திரை கட்டாதீர்கள். மே மாதம் மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்று எழுந்துவிட்டால் திரை பாய் மாதிரி வீங்கும், கயிறு அறுத்துக்கொண்டு போகும், அலைச் சத்தத்தில் மெதுவாகப் பேசுகிற வசனம் ஒன்றுகூட விளங்காது. வடகடல் கரையில், மேற்கே ஏதாவது சுவர் மறைக்கிற இடமாகப் பாருங்கள். பாக்ஸைக் காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள், காற்றே சத்தத்தைக் கூட்டத்தின் மேல் கொண்டுபோய்ப் போடும், எதிர்த்து வைத்தால் எவ்வளவு ஏற்றினாலும் பின்வரிசைக்குப் போகாது. வேலை முடிந்ததும் பாக்ஸின் முன்வலையை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், உப்பு ஒரு ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது சட்டம், அதனால் ஏழுக்கே தொடங்கிவிடுங்கள். பொதுவில் போடுவதால் படத்தின் உரிமை வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

ஓலைக்குடா_பெரியவர்

எல்லாருக்கும் முந்தி 'படகோட்டி' போடுங்கள் தம்பி. வேறு எதைப் போட்டாலும் போடாவிட்டாலும் அதைப் போட்டே ஆக வேண்டும்.

எம்.ஜி.ஆர். படம் என்பதால் சொல்லவில்லை. 'தரைமேல் பிறக்க வைத்தான்' என்ற பாட்டுக்காகச் சொல்கிறேன். வாலி எழுதியது, டி.எம்.எஸ். பாடியது, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. கடலில் போனவனுக்காகக் கரையில் இருக்கிறவர்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள் என்பதை அதைவிட யாரும் பாடிவிடவில்லை. தொழில் குறை கண்டுபிடிக்கிற உங்கள் அப்பாவும் அதில் வாய் திறக்க மாட்டார் என்று நான் சொல்கிறேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. படம் வந்தது 1964 தீபாவளிக்கு, நவம்பர் 3. அதே வருடம் டிசம்பர் 22 ராத்திரிதான் புயலில் தனுஷ்கோடி போனது. என் அம்மா தனுஷ்கோடிக்காரி. அப்போது பேறுகாலத்துக்காகத் தங்கச்சிமடத்தில் இருந்த அக்காவைப் பார்க்க வந்திருந்ததால் பிழைத்தார். பாம்பனில் இருந்து கிளம்பிய ரயில் அப்படியே தண்ணீரில் போனது, ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச் எல்லாம் போனது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது ராமேஸ்வரத்துக்கு வந்திருந்து தப்பினார்கள் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இந்தப் பாட்டு இலங்கை வானொலியில் வரும். அம்மா முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். பாட்டு தொடங்கியதும் சுளகு நின்றுவிடும். கையில் தூக்கிய மேனிக்கே இருப்பார், கோழி வந்து சிந்திய குறுநொய்யைக் கொத்திக்கொண்டு போனாலும் விரட்ட மாட்டார். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் குரல் வந்ததும் மறுபடி சுளகு தட்டுகிற சத்தம் கேட்கும். நான் அடுத்த அறையில் பள்ளிக்கூடப் பாடம் படித்துக்கொண்டிருப்பேன், சுளகுச் சத்தத்தை வைத்தே பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

எனக்கு வயது அறுபத்தாறு. இப்போதும் அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்கப் பிடிக்காது, நாலு பேரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். நீங்கள் போடுகிற அன்றைக்கு நான் பஸ் ஏறி வருகிறேன்.

கீழக்கரை_ராத்தா

ஓலைக்குடா ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இலங்கை வானொலி என்று சொல்லிவிட்டீர்களே!

கீழக்கரையில் எங்கள் வீட்டில் வாப்பா கப்பலில் இருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது, ரேடியோவும் சேர்ந்தே இருக்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' வந்தால்தான் எங்களுக்கு விடிந்தது. ராத்திரி 'இரவின் மடியில்'. கே.எஸ். ராஜா பேசுகிற வேகமும் பி.எச். அப்துல் ஹமீது பேசுகிற நிதானமும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பாட்டைப் போடுமுன் படத்தின் பேர், பாடியவர், எழுதியவர், இசை அமைத்தவர் எல்லாம் சொல்வார்கள். நம்ம கரையில் எழுதப் படிக்கத் தெரியாத உம்மாக்கள்கூட எந்தப் பாட்டு யார் எழுதியது என்று சொல்வது அந்த வானொலியால்தான். 'பாட்டுக்குப் பாட்டு' வந்தால் சமையல்கட்டிலேயே இரண்டு கட்சி பிரிந்துவிடும்.

அப்புறம் இலங்கை டிவி, ரூபவாஹினி. 1982-இல் தொடங்கியது, எங்கள் பக்கத்து வீட்டில் டிவி வந்ததும் அதற்குப் பின்னால்தான். மொட்டை மாடியில் ஆன்டெனா. காக்கா, அதாவது எங்கள் அண்ணன், மேலே நின்று கிழக்கும் தெற்குமாகத் திருப்புவார், நாங்கள் கீழே இருந்து "தெரியுது, தெரியுது, கையை எடுக்காதீங்க காக்கா" என்று கத்துவோம், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பார், பாவம், ஒரு காட்சிகூட அவர் பார்த்தது இல்லை. புழுக்கமாக, காற்றே இல்லாத ராத்திரிகளில் புள்ளி இல்லாமல் கண்ணாடி மாதிரி தெரியும். காற்று எழுந்தால் போச்சு. பிறகு ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் டிவி கோபுரம் எழும்பியது, ஆன்டெனா எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தெளிவாக வந்தது. அதுவும் பிடிக்கும், ஆனால் கடலைத் தாண்டி வந்த படத்தின் மேல் இருந்த ஆசை தனி.

நான் சொல்ல வந்தது இதுதான் தம்பி. படத்தை எடுத்ததும் போடாதீர்கள். ஆறு மணிக்கே பாட்டை வையுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் உங்களில் குரல் நன்றாக இருக்கிற ஒருவர் மைக்கில் இலங்கை வானொலி மாதிரி விவரம் சொல்லட்டும். பெண்கள் அடுப்பை முடித்து வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும், நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்கள் எல்லாம் முதல் வரிசைக்கு வந்துவிடுவார்கள். என்னிடம் அந்தக் காலத்தில் வானொலியில் இருந்து பதிந்த கேசட் இரண்டு இருக்கிறது, அறிவிப்பாளர் குரலோடு. வேண்டுமென்றால் தருகிறேன், பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும்.

வேதாளை_அலை

பெரியவர்கள் கோவிச்சுக்காதீங்க, பையன்களுக்கும் ஏதாவது போடுங்கள் அண்ணே. 'மரியான்' 2013, ஏ.ஆர். ரஹ்மான் இசை. 'கடல் ராசா நான்' பாட்டை யுவன் பாடியிருப்பார், அது தொடங்கியதும் நம்ம ஊர்ப் பசங்க மணலிலேயே குதிப்பார்கள், கியாரண்டி. தண்ணிக்குள் எடுத்த காட்சிகளைச் சங்கு குளிக்கிற எங்கள் மாமாவே உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் குறை சொல்லவில்லை.

'நந்தா'வும் நம்ம ராமேஸ்வரத்துக் கதை, 2001, யுவன் இசை, ராஜ்கிரண் வருகிற இடம் எல்லாம் எனக்கு உயிர். ஆனால் வெட்டுக்குத்து அதிகம், சின்னப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். 'நீர்ப்பறவை' 2012 நல்ல படம், பாட்டும் நல்ல பாட்டு, ஆனால் கடலுக்குப் போய்த் திரும்பாதவன் கதை. உங்கள் ஊரில் அப்படி உள்ள வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மண்டபம்_முகாம்_வீடு

'கன்னத்தில் முத்தமிட்டால்' பற்றி எழுதியிருந்தீர்கள் அண்ணா. நான் மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள், அம்மா அப்பா தலைமன்னார்ப் பக்கம். அந்தப் படத்தைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் எப்படிப் போட வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது.

காலேஜ் படிக்கும்போது லேப்டாப்பில் அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது, நம் கதையை இவ்வளவு பெரிய ஆட்கள் எடுத்திருக்கிறார்கள் என்று. புதுசாக ஒரு ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன், அதில் போட்டேன். ஒலிக்கு விருது வாங்கிய படம் என்று நீங்கள் சொன்னீர்களே, அது உண்மை, குண்டுச் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கும். பாதியில் முதல் வெடி கேட்டதும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை, படத்தை நிறுத்தவும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 'விடை கொடு எங்கள் நாடே' வந்தது, ஊரைக் காலிசெய்து சனம் மூட்டை முடிச்சோடு நடந்துபோகிற இடம். அம்மா உள்ளே வந்தார், தரையில் உட்கார்ந்தார், சத்தத்தைக் கூட்டச் சொன்னார். பாட்டு முடிந்ததும் "அந்தக் கிழவர் யாரு, நல்லாப் பாடுறாரு, எங்க ஆளா?" என்று கேட்டார். இல்லம்மா, அது எம்.எஸ். விஸ்வநாதன் என்றேன். நம்பவே இல்லை.

அதனால் சொல்கிறேன், வெடிச் சத்தம் வருகிற இடங்களில் ஒரு ஆள் ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே இருந்து குறைக்க வேண்டும், பாட்டு வரும்போது ஏற்ற வேண்டும். முன்கூட்டியே இந்தப் படத்தில் இப்படிக் காட்சிகள் உண்டு என்று மைக்கில் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் இருந்து வருவார்கள், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மைக்செட்_உச்சிப்புளி

தங்கச்சி, அந்த ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நான் உட்காருகிறேன். ஒரு நாள் முன்னால் படத்தை முழுக்கப் பார்த்து எந்த நிமிடத்தில் குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். வாடகை எல்லாம் வேண்டாம், டீசல் காசு மட்டும் கொடுங்கள்.

உங்கள் அம்மா கேட்ட கேள்வியில் இருந்து எனக்கு ஒன்று பொறி தட்டியது, படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். ஓலைக்குடா ஐயா சொன்ன 1964 பாட்டுக்கு இசை போட்டதில் ஒருவர் எம்.எஸ்.வி. நீங்கள் சொல்கிற 2002 பாட்டில் பாடுகிறவரும் அதே எம்.எஸ்.வி. முப்பத்தெட்டு வருட இடைவெளி. ஒன்று கடலுக்குப் போகிறவனுக்காக டி.எம்.எஸ். குரலில் அவர் போட்ட மெட்டு. இன்னொன்று ஊரை விட்டுப் போகிறவர்களுக்காக இன்னொருவர் மெட்டில் அவரே வாயைத் திறந்து பாடியது. ரஹ்மான் எத்தனையோ நல்ல குரல் கையில் இருக்க, அந்த வயசான குரலை ஏன் கூப்பிட்டார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 'விடை கொடு'வில் அவர் குரல் சில இடத்தில் கரகரக்கும், மூச்சு வாங்கும், அதைச் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மைக் முன்னால் ஆயிரம் பேரைப் பார்த்தவன் நான், அந்தக் கரகரப்பைப் போலியாகச் செய்ய முடியாது. இரண்டு பாட்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துக் கேட்டுப் பாருங்கள், வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

தெற்குவாடி_பாம்பன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மைக்செட் அண்ணன் சொன்ன மாதிரியே இன்று காலையில் செய்து பார்த்தேன். அப்பா வாசலில் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். விவரம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் போனை வைத்து முதலில் 1964 பாட்டு, அடுத்து 2002 பாட்டு. முதல் பாட்டுக்கு வாய்க்குள்ளேயே கூடப் பாடினார், ஒரு சொல் தப்பவில்லை, எப்போது படித்தார் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது ஓடும்போது ஊசி நின்றுவிட்டது. 1990-இல் இலங்கையில் இருந்து வந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட சனங்களைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு வந்ததைச் சொன்னார். ஒரு கைப்பிள்ளைக்குப் போர்த்தத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாராம். எனக்கு இருபத்தேழு வயது, இன்றைக்குத்தான் இதைக் கேட்கிறேன்.

பிறகு படகோட்டி பாட்டின் காட்சியைக் காட்டினேன். "பாட்டு சரி, துடுப்புப் பிடிக்கிறதுதான் சரியில்லை" என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. அவரே போய் இடமும் பார்த்துவிட்டு வந்தார், வடகடல் கரையில் ஏலக்கூடத்துக்குக் கிழக்கே, சுவர் கச்சானை மறைக்கும்.

முதல் சனிக்கிழமை 'படகோட்டி', இரண்டாவது 'கடலோரக் கவிதைகள்', மூன்றாவது 'மரியான்', கடைசிக்கு முந்தின வாரம் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 'நீர்ப்பறவை'க்கு இரண்டு வீட்டில் கேட்க வேண்டும், நானே போய்க் கேட்கிறேன். ஆறு மணிக்குப் பாட்டு, ராத்தா சொன்னபடி அறிவிப்போடு. நம்ம பாம்பன் கடல் ஓசை 90.4-இல் ஒரு அறிவிப்புக் கொடுக்க முடியுமா என்றும் கேட்கப் போகிறேன், மீனவர்களுக்கென்றே 2016-இல் தொடங்கிய வானொலி, இதற்கு அவர்களைவிடப் பொருத்தம் யார்.

ராத்தா, அந்த கேசட் இரண்டையும் வாங்க ஞாயிற்றுக்கிழமை கீழக்கரை வரலாமா? கேசட் ஓடுகிற டேப் எங்கள் பக்கம் யாரிடமும் இல்லை, மைக்செட் அண்ணனிடம் இருந்தால் சொல்லுங்கள்.

கீழக்கரை_ராத்தா

வாங்க தம்பி, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வாங்க. டேப்பும் இங்கேயே இருக்கிறது, வாப்பாவுடையது, பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும். மண்டபம் தங்கச்சியையும் அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.